இன்ஜின் கைவிட்டால்: சின்ன விமானத்தைத் தரையில் சேர்ப்பது எப்படி

மாணவரோடு தரையிலிருந்து 2,800 அடி உயரத்தில் போய்க்கொண்டிருந்தேன். செஸ்னா 172, நேரான சாதாரணப் பறப்பு. திடீரென்று பேனல் முழுக்க நடுங்க ஆரம்பித்தது. காம்பஸில் இருக்கிற எண்களைப் படிக்க முடியாத அளவுக்கு அதிர்வு. இன்ஜின் சுழற்சியைக் காட்டும் ஆர்பிஎம் முள் 2,350-இலிருந்து 1,800-க்கு விழுந்தது. என் கண் போனதோ மாணவரின் இடது கைக்கு. உயரம் குறைகிறதே என்று அந்தக் கை, மூக்கை ஏற்றி இறக்கும் பிடியான யோக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தது. வேகமானி 100 நாட்டிலிருந்து (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) 90, 80, 72 என்று இறங்கியது. அவர் ஜன்னல் வழியாக இன்ஜின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் கை இழுப்பது அவருக்குத் தெரியவே இல்லை.

"மூக்கை இறக்கு தம்பி" என்று சொல்லிக்கொண்டே நானும் யோக்கை முன்னால் தள்ளினேன்.

"இறக்கினா கீழ போயிடுவோமே மேடம்."

"போவோம். மெதுவா, நம்ம சொல்ற இடத்துக்குப் போவோம்."

பதினான்கு வருடமாகப் பறக்கக் கற்றுக்கொடுக்கிறேன். இன்ஜின் நிற்பதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தக் கையிலிருந்துதான் ஆரம்பிப்பேன். ஒற்றை இன்ஜின் விமானம் சக்தி போனாலும் பறக்கும். வேகம் போனால் பறக்காது. இன்ஜின் நின்றபின் உயிர் போகிற விபத்துகளில் நிறைய, மூக்கைத் தூக்கி வேகத்தை இழந்து ஸ்டால் ஆகி (இறக்கை தூக்கும் விசையை இழந்து), ஒரு இறக்கை சரிந்து விழுந்தவை. இறக்கை சமமாக, கட்டுப்பாட்டோடு, மெதுவான வேகத்தில் தரையைத் தொட்ட விமானத்திலிருந்து மனிதர்கள் நடந்து வெளியே வருகிறார்கள். இனி சொல்லப்போகிறது எல்லாமே அப்படித் தொடுவதற்காகத்தான்.

முதல் சில நொடிகள்

சக்தி போனதை மூளை ஒப்புக்கொள்ளவே மூன்று நான்கு நொடி ஆகும். "இல்லை, சரியாகிவிடும்" என்று தோன்றும். அந்த நேரத்தில் கை என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம். யோசிக்காமலே யோக் முன்னால் போக வேண்டும். ஒவ்வொரு விமானத்துக்கும் அதிக தூரம் மிதந்து போகிற வேகம் ஒன்று உண்டு, பெஸ்ட் கிளைட் வேகம். 172என் மாடலில் முழு எடையில் 65 நாட், 172எஸ்-இல் 68, சின்ன 152-இல் 60. உங்கள் விமானத்தின் கையேட்டில் இருக்கும் எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும்.

நேர்ப்பறப்பில் வேகம் அதைவிட அதிகமாக இருக்கும். அதனால் மூக்கை வேகமாகக் குத்த வேண்டியதில்லை. உயரத்தை வைத்துக்கொண்டு வேகம் 65-ஐ நெருங்கும்வரை விட்டு, அங்கே மூக்கை இறக்கிப் பிடியுங்கள். ஏறிக்கொண்டிருக்கும்போது நின்றால் கதை வேறு: மூக்கு மேலே இருக்கிறது, வேகம் நொடியில் கரையும். அப்போது உடனே, தாராளமாகத் தள்ள வேண்டும்.

வேகம் வந்ததும் ட்ரிம் சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ட்ரிம் போட்டால் விமானம் அந்த வேகத்தைத் தானே பிடித்துக்கொள்ளும், கையும் தலையும் மற்ற வேலைக்குக் கிடைக்கும்.

இப்போது கணக்கு. 172 காற்றில்லாத நாளில் 1,000 அடி உயரத்தைக் கொடுத்துச் சுமார் 1.5 கடல் மைல், அதாவது 2.8 கிலோமீட்டர் போகும். 65 நாட்டில் இறங்கினால் 1,000 அடிக்கு ஏறக்குறைய 80 நொடி. எங்களுக்கு 2,800 அடி இருந்தது. இன்ஜின் முழுவதுமாக நின்றால்கூட மூன்றே முக்கால் நிமிடம். மாணவரிடம் அந்த எண்ணைச் சத்தமாகச் சொன்னேன். அவருடைய தோள் இறங்கியதைப் பார்த்தேன். மூன்றே முக்கால் நிமிடத்தில் நிறைய செய்யலாம்.

எங்கே இறங்குவது

முதலில் காற்று எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும். புகை, தூசி, கொடி எதுவானாலும் பாருங்கள். குளமோ ஏரியோ இருந்தால் இன்னும் நல்லது: காற்று எந்தக் கரையிலிருந்து வருகிறதோ அந்தக் கரையோரம் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், எதிர்க்கரையில் அலை தெரியும். எதுவுமே தெரியாவிட்டால் புறப்பட்டபோது எந்தத் திசையிலிருந்து காற்று வந்ததோ அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்குவது காற்றுக்கு எதிராகத்தான். ஏனென்றால், மோதலின் வலிமை வேகத்தோடு அல்ல, வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. 45 நாட்டில் தரையைத் தொடுகிற விமானம் 10 நாட் எதிர்காற்றில் தரையைப் பொறுத்து 35 நாட்டில்தான் போகும். அதே காற்று முதுகுப்பக்கம் இருந்தால் 55 நாட். பார்க்க இருபது நாட் வித்தியாசம். ஆனால் விமானம் கரைக்க வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு.

அடுத்து வயல். தொலைவில் தெரிகிற அழகான வயலுக்கு ஆசைப்படாதீர்கள். கண் எப்போதும் முன்னால் தூரத்தில்தான் தேடும். இறக்கைக்குக் கீழே, பின்னால், எதிர்ப்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று திருப்பிப் பாருங்கள். உச்சியிலிருந்து சுற்றி இறங்கக்கூடிய சுமாரான இடம், நேராகப் போனால் எட்டுமா எட்டாதா என்று சந்தேகப்பட வேண்டிய நல்ல இடத்தைவிட மேல்.

அறுவடை முடிந்த கட்டாந்தரை, மேய்ச்சல் நிலம், வரிசைகள் காற்றின் திசையில் ஓடுகிற வயல் எல்லாம் நல்லவை. உழுத நிலமானால் சாலுக்குக் குறுக்கே இறங்க வேண்டாம், சாலோடு போங்கள். குறுக்குக்காற்று கொஞ்சம் இருந்தாலும் பரவாயில்லை. உயரமான பயிர் சக்கரத்தைப் பிடித்து விமானத்தைக் கவிழ்க்கும். ஒரே வயலில் இரண்டு நிறம் தெரிந்தால் நடுவில் வரப்போ வாய்க்காலோ வேலியோ இருக்கும். கடற்கரையில் அலை நனைத்துப்போன ஈர மணல்தான் கெட்டி, காய்ந்த மணல் அல்ல. மேலிருந்து பார்த்தால் எல்லா நிலமும் சமதரைதான். சரிவு கண்ணுக்குத் தெரிகிறது என்றாலே அது ரொம்பச் சரிவு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சாலையைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். சாலையோரம் கம்பம், குறுக்கே கம்பி, நடுவில் வண்டி, வண்டிக்குள் மனிதர்கள். வேறு வழி இருந்தால் சாலை வேண்டாம்.

மின்கம்பியை மேலிருந்து பார்க்க முடியாது. கம்பத்தைத் தேடுங்கள். அன்று நான் முதலில் எடுத்த வயல் நீளமாக, சுத்தமாக இருந்தது. 1,300 அடிக்கு வந்தபோதுதான் அதன் நடுவில் ஒரு புள்ளி, அதற்கு நேராக இன்னொரு புள்ளி, இன்னொன்று. ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் மெல்லிய கறுப்பு நிழல் படுத்திருந்தது. வயலைக் கம்பங்கள் குறுக்கே வெட்டிக்கொண்டு போயின. இடது பக்கம் அடுத்த வயலை முன்பே பார்த்து வைத்திருந்ததால் மாற முடிந்தது. அந்த உயரத்தில் ஒரு முறை மாறலாம். 500 அடிக்குக் கீழே மனதை மாற்றாதீர்கள். மாற்றுகிறவர்கள் தாழ்வாக, செங்குத்தான சாய்வில் திரும்பித்தான் ஸ்டால் ஆகிறார்கள்.

திரும்ப ஓட வைக்க முடியுமா?

விமானம் வயலை நோக்கித் திரும்பிய பிறகுதான் இது. வரிசையை மாற்ற வேண்டாம்.

நிற்பதற்குக் காரணம் மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்: பெட்ரோல், காற்று, தீப்பொறி. கையைக் காக்பிட்டின் தரையிலிருந்து மேலாக ஒரே ஓட்டமாகக் கொண்டுபோங்கள். டேங்க் வால்வு: செஸ்னாவில் "இரண்டும்" என்ற நிலைக்கு, பைப்பர் செரோக்கி மாதிரி தாழ் இறக்கை விமானத்தில் மற்ற டேங்குக்கு மாற்றி, மின்பம்பையும் போடுங்கள். மிக்சர் (பெட்ரோல்-காற்றுக் கலவையை மாற்றும் குமிழ்) முழுக்க உள்ளே. கார்ப் ஹீட் (கார்புரேட்டருக்குச் சூடான காற்று விடும் குமிழ்) முழுக்க வெளியே. ப்ரைமர் (இன்ஜினைக் கிளப்பப் பெட்ரோல் ஊட்டும் கைப்பம்பு) பூட்டியிருக்கிறதா. தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோவை இடது, வலது என்று தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள், ஒன்றில் நன்றாக ஓடினால் அதிலேயே விடுங்கள். இதற்கு 15 நொடி போதும். நேரம் இருந்தால் செக்லிஸ்ட்டை எடுத்துச் சரிபாருங்கள். 1,000 அடி வந்துவிட்டால் இந்த முயற்சியை விட்டுவிட்டு இறங்குவதில் மட்டும் கவனம் வையுங்கள்.

கார்ப் ஹீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாக. கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே வெப்பநிலை மளமளவென்று குறையும். வெளியே 20 டிகிரி செல்சியஸ் இருக்கிற ஈரமான நாளிலும் உள்ளே பனிக்கட்டி படியும். ஆர்பிஎம் சத்தமில்லாமல் மெல்ல இறங்குவதுதான் முதல் அடையாளம். ஹீட்டை இழுத்ததும் ஆர்பிஎம் இன்னும் விழும், உருகிய தண்ணீர் உள்ளே போவதால் இன்ஜின் திக்கித் திணறும். பயந்து உடனே திரும்பத் தள்ளிவிடுகிறார்கள். தள்ளாதீர்கள். பனி கரைகிறது என்று அர்த்தம். அப்படியே விட்டால் சத்தம் சீராகும்.

பெட்ரோல் விஷயத்தில் வேலை எல்லாம் தரையிலேயே முடிய வேண்டும். மானியை மட்டும் நம்பாமல் குச்சி விட்டு அளந்து பாருங்கள். கீழ்வால்வில் கொஞ்சம் எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். 100எல்எல் என்ற விமானப் பெட்ரோல் நீலமாக இருக்கும், தண்ணீர் கலந்திருந்தால் நிறமில்லாமல் அடியில் தங்கும். லிட்டரா, கேலனா, கிலோவா என்பதையும் எழுதி வையுங்கள். 1983 ஜூலையில் ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று நடுவானில் எரிபொருள் தீர்ந்து இரண்டு இன்ஜினும் நின்றுபோனதற்கு, பவுண்டையும் கிலோவையும் குழப்பிக்கொண்டதுதான் காரணம்.

ரேடியோ இதற்கப்புறம். ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கிற அலைவரிசையிலேயே சொல்லுங்கள், யாரும் இல்லையென்றால் அவசர அலைவரிசையான 121.5. "மேடே" என்ற அபாய அழைப்பு மூன்று முறை, விமானத்தின் பெயர், இன்ஜின் போய்விட்டது, எங்கே இறங்குகிறீர்கள், எத்தனை பேர். ரேடாருக்கு அடையாளம் சொல்லும் டிரான்ஸ்பாண்டரில் அவசரக் குறியீடான 7700. அவர்கள் கேள்வி கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை.

பாதி சக்தி இருக்கும்போது

முழுவதும் நின்றுபோவதைவிட எனக்கு இதுதான் அதிகக் கவலை. ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 2000 முதல் 2010 வரை ஒற்றை இன்ஜின் விமானங்கள் புறப்பட்டதும் சக்தி இழந்த சம்பவங்களை அலசிப் பார்த்தது. பாதி சக்தி போனவை 242, அவற்றில் 9-இல் உயிரிழப்பு. இன்ஜின் முழுவதும் நின்றவை 75. அவற்றில் ஒன்றில்கூட உயிரிழப்பு இல்லை.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். இன்ஜின் நின்றுவிட்டால் வேறு வழியில்லை, இறங்கிவிடுவோம். பாதி ஓடிக்கொண்டிருந்தால் வீடுவரை இழுத்துவிடலாம் என்று ஆசை வருகிறது. உயரத்தை விட மனம் வராமல் மூக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குகிறோம், வேகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது.

அன்று எங்கள் இன்ஜின் 1,800-இல் உதறிக்கொண்டே ஓடியது. மாணவர் கேட்டார், "ஓடுதே மேடம், ஏர்ஃபீல்டுக்கே போயிடலாமா?" ஏர்ஃபீல்டு 11 கடல் மைல். நடுவில் வீடுகள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. இன்ஜின் செத்துவிட்டது என்றே வைத்து வயலைத் தேர்ந்தெடுத்தோம். மிச்சமிருந்த சக்தியை, வயலுக்கு மேலே போய்ச் சேரும்வரை உயரம் அதிகம் கரையாமல் இருக்க மட்டும் பயன்படுத்தினோம். 900 அடியில் ஒரு பெரிய அதிர்வோடு அது முழுவதும் நின்றது. எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. எக்ஸாஸ்ட் வால்வு ஒன்று இறுகி மாட்டிக்கொண்டது என்று அப்புறம் பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது.

புறப்பட்டதும் நின்றால்

ரன்வே பின்னால் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் இருக்கிறது. திரும்பிவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 180 டிகிரி திரும்பினால் ரன்வேக்கு இணையாக, அதன் பக்கவாட்டில்தான் இருப்பீர்கள். ரன்வேயை நோக்கிப் போக இன்னும் 45 டிகிரி, மொத்தம் 225. அப்புறம் நேராக்க எதிர்ப்பக்கம் இன்னொரு 45. நொடிக்கு 3 டிகிரி என்று நிதானமாகத் திரும்பினால் 225-க்கே 75 நொடி, திகைப்புக்கு 4 நொடி. நிமிடத்துக்கு 1,000 அடி இறக்கம் என்று வைத்தால் 1,300 அடிக்கு மேல் போய்விடும். நீங்கள் இருந்ததோ 300 அடியில்.

வேகமாகத் திரும்பினால்? 45 டிகிரி சாய்த்தால் ஸ்டால் வேகம் 19 சதவீதம் கூடும். நேராக 50 நாட்டில் ஸ்டால் ஆகிற விமானம் அப்போது ஏறக்குறைய 60-இலேயே ஆகும். 65-இல் மிதந்துகொண்டிருக்கும்போது மிச்சம் இருப்பது ஐந்து நாட். அதோடு முதுகுக்காற்றில் ரன்வே வேகமாக வருவது மாதிரி தெரிந்து, கை தானாக யோக்கை இழுக்கும்.

அதனால் தாழ்வான உயரத்தில் மூக்கை இறக்குங்கள், முன்னால் இடது வலது 30 டிகிரிக்குள் கிடைக்கிற நல்ல இடத்தில் இறங்குங்கள். 2015 மார்ச்சில் நடிகர் ஹாரிசன் ஃபோர்டு, சான்டா மோனிகாவிலிருந்து இரண்டாம் உலகப்போர் காலத்து ரயான் பயிற்சி விமானத்தில் புறப்பட்டதும் சக்தி போனது. திரும்புகிறேன் என்று டவரிடம் சொன்னார். ரன்வே எட்டாது என்று தெரிந்ததும் அதை விட்டுவிட்டுப் பக்கத்துக் கோல்ஃப் மைதானத்தில் இறங்கினார். மர உச்சியில் இடித்து விழுந்து பலத்த காயம்தான், ஆனால் பிழைத்தார்.

எந்த உயரத்துக்கு மேல் திரும்பலாம் என்பது உங்கள் விமானத்தையும் உங்களையும் பொறுத்தது. பயிற்றுநரோடு 4,000 அடிக்குப் போங்கள். ஏறும் வேகத்தில் த்ராட்டிலை (இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) மூடி, வாய்விட்டு நான்கு எண்ணி, திரும்பிப் பாருங்கள். எவ்வளவு உயரம் போனதோ அதோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த எண்ணுக்குக் கீழே திரும்புவது என்ற பேச்சே வேண்டாம்.

ஒவ்வொரு முறையும் ரன்வேயில் நுழையும் முன் நான் வாய்விட்டுச் சொல்வது இது: "ஓடும்போது சரியில்லை என்றால் த்ராட்டில் மூடி பிரேக். கிளம்பியதும் நின்றால் மூக்கு கீழே, முன்னால் இடதுபக்கத் திறந்தவெளி. 1,000 அடி வரை திரும்ப மாட்டேன்." இடமும் எண்ணும் ரன்வேக்கு ரன்வே மாறும். தனியாகப் பறக்கும்போதும் சத்தமாகவே சொல்லுங்கள்.

கடைசி 500 அடி

வயலின் ஆரம்பத்தைக் குறி வைக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கு உள்ளே ஒரு புள்ளியை எடுங்கள். வேகத்தை மாற்றாமல் கண்ணாடி வழியாக அந்தப் புள்ளியைப் பாருங்கள். அது மேலே நகர்ந்தால் எட்டாமல் போகப் போகிறீர்கள், கீழே நகர்ந்தால் தாண்டப் போகிறீர்கள். அசையாமல் நின்று பெரிதாகிக்கொண்டே வந்தால் அங்கேதான் இறங்குவீர்கள். கொஞ்சம் உயரமாக இருப்பது நல்லது. உயரத்தைக் குறைக்க வழி உண்டு, கூட்ட வழியில்லை.

எட்டுவது உறுதியான பிறகு ஃப்ளாப், அதாவது இறக்கையின் பின்பக்கம் கீழே இறங்கும் தட்டு. இன்னும் உயரமா? ஒரு இறக்கையைத் தாழ்த்தி, எதிர்ப்பக்க ரட்டரை (வால் சுக்கானின் பெடலை) முழுக்க மிதித்து விமானத்தைப் பக்கவாட்டில் சறுக்க விடுங்கள். வேகம் கூடாமல் உயரம் கொட்டும். மேலே சொன்ன 767-ஐ அதன் கேப்டன் பாப் பியர்சன் கிம்லி என்ற பழைய விமானத்தளத்தில் இப்படிச் சறுக்கித்தான் இறக்கினார். அவர் கிளைடர் ஓட்டிப் பழகியவர். எல்லோரும் பிழைத்தார்கள்.

இறங்கும் முன்: மிக்சர் வெளியே, பெட்ரோல் வால்வு மூடி, மேக்னெட்டோ நிறுத்தம். பெல்ட்டை இறுக்கி, மூக்குக் கண்ணாடியையும் பையிலிருக்கிற பேனாவையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். கதவைத் தாழ் நீக்கிக் கொஞ்சம் திறந்து வையுங்கள், விமானத்தின் உடம்பு வளைந்தால் கதவு மாட்டிக்கொள்ளும். மாஸ்டர் சுவிட்ச் கடைசியில்தான். செஸ்னாவில் ஃப்ளாப் மின்சாரத்தில் ஓடுகிறது, மாஸ்டரை முதலில் அணைத்துவிட்டு ஃப்ளாப்பைத் தேடாதீர்கள்.

விமானத்தைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். இறக்கையும் சக்கரமும் உடைந்து போகட்டும், அவை உடையும்போது உங்களுக்கு வர வேண்டிய அடியை வாங்கிக்கொள்கின்றன. மணிக்கு 80 கிலோமீட்டரில் வருகிற விமானம் 9ஜி-க்கு (புவியீர்ப்பைப் போல ஒன்பது மடங்குக்கு) மிகாமல் நிற்க 3 மீட்டருக்கும் குறைவான தூரம் போதும். 160-இல் வந்தால் 11 மீட்டருக்கு மேல் வேண்டும். மரங்கள் மட்டும்தான் என்றால் எதிர்காற்றில், முழு ஃப்ளாப்பில், மர உச்சியையே தரையாக நினைத்து மெதுவாக உட்காருங்கள். அடிமரம் கேபினில் நேராக மோதக் கூடாது. தண்ணீரானால் கரைக்குப் பக்கத்தில், அலைக்கு இணையாக. உயிர்காப்பு ஜாக்கெட்டை வெளியே வந்த பிறகுதான் ஊத வேண்டும்.

எங்கள் வயலில் சக்கரம் தொட்டதும் யோக்கை வயிறுவரை இழுத்துப் பிடித்தேன், முன்சக்கரம் மண்ணில் புதையாமல் இருக்க. காய்ந்த பயிர்த்தாள்கள் இறக்கையின் அடியில் சடசடவென்று அடித்தன. நூறு மீட்டர் போயிருப்போம். நின்றதும் மாணவர் செக்லிஸ்ட்டைத் தேடி எடுத்தார். "வெளிய வா முதல்ல" என்றேன். சூடான இன்ஜின், பெட்ரோல் கசிவு. காற்று வரும் பக்கமாக நடந்து தள்ளி நில்லுங்கள். ஆட்களை எண்ணுங்கள். ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகு ஈஎல்டி என்ற அவசர சமிக்ஞைக் கருவியைக் கையால் போடுங்கள், 406 மெகாஹெர்ட்ஸில் அது செயற்கைக்கோளுக்குச் சொல்லும். விமானத்தின் பக்கத்திலேயே இருங்கள். இன்ஜின் மறுபடி ஓடினாலும் அங்கிருந்து பறந்து போகக் கூடாது.

பழகுவது

மாதம் ஒரு முறையாவது பயிற்றுநரோடு த்ராட்டிலை மூடிப் பழகுங்கள். மூடும் முன் கார்ப் ஹீட். ஒவ்வொரு 500 அடிக்கும் த்ராட்டிலைக் கொஞ்சம் திறந்து இன்ஜினைச் சூடாக வையுங்கள், பயிற்சி நிஜமாகிவிடக் கூடாது. எந்த உயரத்தில் பயிற்சியை நிறுத்தி மேலே போவது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். த்ராட்டிலை மூடினாலும் ஓடிக்கொண்டிருக்கிற இன்ஜினிடம் கொஞ்சம் சக்தி மிச்சம் இருக்கும். நிஜமாக நின்ற இன்ஜினோடு விமானம் பயிற்சியில் பார்த்ததைவிட வேகமாக இறங்கும், அதற்கும் சேர்த்துக் கணக்கு போடுங்கள். என் அந்த மாணவர் இப்போது பயிற்றுநர். தன் மாணவர்களின் இடது கையை அவரும் கவனித்துக்கொண்டே இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன்.